எல் தாத்தியோ: 86 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரைப் பார்க்கப் போன அனுபவம்

தென் அமெரிக்க நாடான சிலியில் இருக்கும் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கப் போய்விட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் இருப்பது போல 30, 40 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டு அடிக்கும் என்று எதிர்பார்த்துப் போவார்கள். அங்கே பெரும்பாலான ஊற்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. சில மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே எழும்பும். கெய்சர் என்றால் விட்டு விட்டுப் பீறிடும் வெந்நீர் ஊற்று. இத்தனைக்கும் உலகின் மூன்றாவது பெரிய கெய்சர் வெளி அது. முதலில் யெல்லோஸ்டோன், அடுத்து ரஷ்யாவின் கம்சாட்கா, அதற்கடுத்து இது. தென் அரைக்கோளத்தில் இதைவிடப் பெரியது கிடையாது. 80-க்கும் மேற்பட்ட கெய்சர்கள், அவற்றோடு எண்ணற்ற வெந்நீர்க் குட்டைகள், நீராவித் துளைகள், கொப்பளிக்கும் சேற்றுக் குழிகள். சிலியின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில், பொலிவிய எல்லைக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அந்த 4,300 மீட்டர்தான் விஷயம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவது அதனால்தான். நமக்குத் தலை வலிப்பதும், நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குவதும், இரவில் குளிர் மைனஸ் 10, மைனஸ் 15 என்று இறங்குவதும்கூட அதனால்தான். எங்கள் பயணத்தில் நன்றாக அமைந்தது எல்லாமே மெலிந்த காற்றை மனதில் வைத்துத் திட்டமிட்டதால் அமைந்தது. போக நினைப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணவரின் வேலை காரணமாக சிலியின் தலைநகரான சாண்டியாகோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பா அறுபதுகளின் கடைசியில் இருப்பவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அனல் மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், பூமிக்குள்ளிருந்து தானாக நீராவி வரும் இடம் என்றதுமே அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அவர் அதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் ஊட்டி. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் போனோம். மருத்துவர் ஈ.சி.ஜி. பார்த்தார், மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, மலையில் மூச்சுத் திணறினால் பிடிவாதம் பிடிக்காமல் உடனே இறங்க வேண்டும் என்றார். மலை நோய்க்குப் பலரும் சாப்பிடும் டயமாக்ஸ் அவருக்குத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். அந்த மாத்திரையை நண்பர்கள் சொன்னார்கள் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனிகள் மதமதக்கும். வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சாண்டியாகோவிலிருந்து கலாமாவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து சான் பெத்ரோ தே அட்டகாமா என்ற சின்ன ஊருக்குச் சாலை வழியாக 100 கிலோமீட்டர். அட்டகாமாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தங்குவது அங்கேதான். மண் சுவர் வீடுகள், புழுதித் தெருக்கள், தெருவுக்கு நாலு சுற்றுலா அலுவலகங்கள். உயரம் சுமார் 2,400 மீட்டர். எல் தாத்தியோ அங்கிருந்து வடக்கே 90 கிலோமீட்டர்தான், ஆனால் அந்த 90 கிலோமீட்டருக்குள் 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். சாதாரணமாக மலை ஏறுகிறவர்கள் இந்த உயரத்தைப் பல நாட்களில் ஏறுவார்கள். இங்கே தூக்கக் கலக்கத்தில் வேனில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறோம். உடம்பு தடுமாறாமல் என்ன செய்யும்?

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான்: வந்திறங்கிய மறுநாளே எல் தாத்தியோவுக்குப் பதிவு செய்யாதீர்கள். நாங்கள் அதைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளினோம். முதலில் ஊருக்குள்ளேயே மெதுவாக நடந்தோம். அப்புறம் ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் நிலாப் பள்ளத்தாக்கு, உப்பு ஏரிகள். அதன் பிறகே மேலே. பதிவு செய்யப் போன இடத்தில், "நாளைக்கே ஒரு வேனில் இடம் இருக்கிறது, இப்போதே போட்டால் விலை குறைவு" என்றார்கள். கணவர் ஒரு நிமிடம் யோசித்தார். அப்பா, "வேண்டாம் மாப்பிள்ளை, குளிர்ந்து கிடக்கிற பாய்லரை எடுத்த எடுப்புல முழு நெருப்புல ஏத்த மாட்டோம்" என்று சொல்லிவிட்டார். உடம்புக்கும் அதே நியாயம்தான்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தோம். கொரோனா காலத்தில் வாங்கியது. சான் பெத்ரோவில் மூன்று பேருக்கும் 90-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. மேலே போனதும் 80-களின் நடுவில் வந்தது. அந்த உயரத்தில் அப்படி இறங்குவது சாதாரணம்தான், எண்ணைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. ஆளைப் பார்க்க வேண்டும். லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் சரியில்லாதது, இவையெல்லாம் பெரும்பாலும் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், இருமலோடு மார்பில் இரைச்சல் கேட்டால், நேராக நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால் நேரம் கடத்தாமல் கீழே இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறிகள் அவை. கீழே இறங்குவதுதான் அதற்கு முதல் மருந்து. வேனில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மேலே போவதற்கு முந்தின இரவு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டோம். பருப்புச் சூப், கொஞ்சம் சோறு, அவ்வளவுதான். உயரத்தில் செரிமானம் மந்தமாகிவிடும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வளைவுச் சாலையில் ஏறினால் குமட்டும். மது கூடவே கூடாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் துளிகூட இல்லாததால் நாம் விடும் மூச்சிலேயே உடம்புத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், வியர்வை தெரியாததால் தாகமும் தெரியாது. சான் பெத்ரோ கடைகளில் சச்சகோமா என்ற மூலிகை டீ கிடைக்கிறது. மலை உயரத்துக்கு நல்லது என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள். நாங்களும் குடித்தோம், சூடாக இதமாக இருந்தது. அதைக் குடித்துவிட்டால் போதும் என்று மற்றதை விட்டுவிடக்கூடாது.

உடை விஷயத்தில் அப்பாவோடு சின்ன வாக்குவாதமே நடந்தது. ஸ்வெட்டர் ஒன்று, ஜாக்கெட் ஒன்று போதும் என்றார். ஒரே தடியான கோட்டைவிட மெல்லிய அடுக்குகள் பல இருப்பதே அங்கே நல்லது. விடியலில் மைனஸ் 12-ல் நடுங்குவோம், பத்து மணிக்கு வெயில் சுளீரென்று அடிக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை மேலும் கீழும், அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். கம்பளி சாக்ஸ், கையுறை. தலைக்கு ஊரிலிருந்து அப்பா கொண்டு வந்திருந்த குரங்குக் குல்லா. காது, கழுத்து, கன்னம் மூன்றையும் மூடுவதில் அதற்கு இணையாக எந்தக் கடையிலும் எதையும் நான் பார்க்கவில்லை. இவற்றோடு சன்ஸ்கிரீன், குளிர்க் கண்ணாடி, உதட்டுக்கு வாசலைன். உதடு வெடித்து ரத்தம் வருவது அங்கே சர்வசாதாரணம்.

அதிகாலை நாலரை மணிக்கு வேன் வந்தது. ஏன் இந்த நேரம் என்று பலரும் கேட்பார்கள். ஊற்றுகள் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் நீராவி தன்னளவில் கண்ணுக்குத் தெரியாதது. உறைய வைக்கும் காற்றில் பட்டு அது நுண்ணிய துளிகளாக மாறினால்தான் வெள்ளைத் தூண்களாகத் தெரியும். சூரியன் ஏறிக் காற்று சூடானதும் தூண்கள் மெலிந்துவிடும். இரவின் கடும் குளிரும் காலையின் முதல் வெளிச்சமும் சேர்ந்திருக்கும் அரை மணி, முக்கால் மணி நேரத்தைப் பிடிக்கத்தான் எல்லோரும் இருட்டில் கிளம்புகிறார்கள்.

சாலையின் பெரும்பகுதி மண் சாலை. மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக, வேன் கடகடவென்று அதிர்ந்துகொண்டே ஏறியது. கழுத்துக்கு ஒரு சின்னத் தலையணை இருந்தால் பெரியவர்களுக்கு நல்லது. சொந்தமாக வண்டி வாடகைக்கு எடுத்துப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் இருட்டில் முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். முன்னால் போகும் வண்டியின் புழுதியில் எதுவும் தெரியாது, ஓடை குறுக்கிடும் இடங்களில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்குகளான விக்குன்யாக்கள் திடீரென்று குறுக்கே வரும். எங்கள் ஓட்டுநர் சாலையை மனப்பாடமாக வைத்திருந்தார். எங்களோடு வந்த ஓர் இளைஞருக்கு வழியிலேயே வாந்தி. நல்ல உடற்பயிற்சி செய்கிற உடம்புதான். மலை நோய்க்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, நன்றாக ஓடியாடுகிறவர்கள் வேகமாக நடந்து இன்னும் சீக்கிரம் மாட்டிக்கொள்வதும் உண்டு. வழிகாட்டி அவருக்கு ஆக்சிஜன் கொடுத்து முன் இருக்கையில் உட்கார வைத்தார். மேலே போன பிறகும் அவர் பெரும்பாலான நேரம் வேனிலேயே இருந்தார்.

நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது கிழக்கே மலை விளிம்பு வெளுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் எரிமலைகள். நடுவே அகன்ற வெளி முழுக்க வெள்ளை வெள்ளையாக நீராவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. காற்று அசையவே இல்லை. வேனை விட்டு இறங்கிய நொடியில் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைவதை உணர முடிந்தது. "மாமா, கையைக் கொடுங்க, மெதுவா" என்றார் கணவர். அப்பா பத்தடி நடந்து நின்று, மூச்சு விட்டு, மறுபடி பத்தடி நடந்தார். அந்த நடைதான் சரி. வழிகாட்டியின் வேகத்துக்கு ஓடாதீர்கள். அவர் வாரம் முழுக்க அங்கே போய் வருகிறவர்.

கூட்டம் பெரிய ஊற்றுகளைத் தேடிப் போனது. அப்பா பாதை ஓரத்தில் இருந்த ஒரு சின்ன ஊற்றின் முன் நின்றுவிட்டார். அதன் வாய் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். ஓரம் முழுக்க வெளிர் சாம்பல் நிறத்தில் மணி மணியாகப் படிவு. உள்ளே தண்ணீர் தெரியவில்லை, ஆழத்தில் ஏதோ உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நெருங்கி வந்தது. தண்ணீர் விளிம்பு வரை ஏறி, குமிழியிட்டு, சட்டென்று முழங்கால் உயரத்துக்குச் சிதறத் தொடங்கியது. சிதறிய துளிகள் விளிம்புக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழுந்த இடத்தில் பனிக்கட்டியாக உறைந்திருந்தன. கொதிக்கும் நீரும் ஐஸும் ஒரு முழ இடைவெளியில். அப்புறம் சிதறல் குறைந்து, தண்ணீர் உறிஞ்சும் சத்தத்தோடு உள்ளே இறங்கிப் போனது. துளை காலியாகிவிட்டது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சில நிமிடங்களில் மறுபடி அதே வரிசை: உருளல், ஏற்றம், குமிழி, சிதறல், உறிஞ்சல்.

"மேல தண்ணி அழுத்திக்கிட்டு இருக்கற வரைக்கும், கீழ இருக்கற தண்ணி 86 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காதும்மா. மேல இருக்கறதுல கொஞ்சம் வெளிய சிதறிடுச்சுன்னா கீழ அழுத்தம் குறைஞ்சுபோகும். உடனே மொத்தமும் ஆவியாகி மேல தள்ளும். எல்லாம் காலியானதும் பக்கத்துலேர்ந்து மறுபடி தண்ணி ஊறி நிறையணும். அதுக்குத்தான் இந்த இடைவெளி" என்றார். நான் படித்துவிட்டுப் போனதும் இதேதான், ஆனால் அவர் சொன்னபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு ஊற்றுக்கும் நிலத்தடிக் குழாய் வேறு மாதிரி என்பதால் இடைவெளியும் வேறு. எல் ஹெஃபே என்ற கெய்சரை அறிவியலாளர்கள் அளந்தபோது, சுமார் 132 வினாடிக்கு ஒருமுறை என்று கிட்டத்தட்டக் கடிகாரம் தவறாமல் அது பீறிட்டிருக்கிறது. கிழக்கே இன்னும் உயரமான மலைகளில் விழும் மழையும் பனியும் நிலத்துக்குள் இறங்கி, எரிமலைப் பாறைகளுக்கு அடியில் சூடேறி, பாறை இடுக்குகள் வழியாக இங்கே வந்து வெளிப்படுகின்றன. துருவப் பகுதிகளை விட்டால் உலகின் மிக வறண்ட பாலைவனத்தின் விளிம்பில் இவ்வளவு தண்ணீர் கொதிப்பது அப்படித்தான்.

ஓர் ஊற்றின் முன்னால் குறைந்தது இரண்டு மூன்று சுற்று முடியும் வரை நில்லுங்கள் என்பேன். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கு மூச்சும் போகிறது, பார்த்ததும் மனதில் நிற்பதில்லை.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாதையைக் கற்களால் எல்லை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. சில இடங்களில் தரை திடமாகத் தெரியும், ஆனால் அது தண்ணீரிலிருந்து படிந்த சிலிக்கா ஓடு, அடியில் கொதிநீர் இருக்கும். கொதிகுழியில் விழுந்து இறந்துபோன பயணிகள் இருக்கிறார்கள். 86 டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம், தோலை வெந்துபோகச் செய்ய 60 டிகிரியே போதும். நீராவி முகத்தில் அடித்தால் ஒரு கணம் எதுவும் தெரியாது, அப்போது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பின்னால் அடி வைக்கக் கூடாது. படம் எடுத்துக்கொண்டே பின்னால் நடப்பது இங்கே உயிர் விஷயம். சின்னக் குழந்தைகளின் கையை விடவே கூடாது. என்னைக் கேட்டால் கைக்குழந்தைகளை இந்த உயரத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம், அதுகளுக்குத் தலை வலிக்கிறதா என்றுகூடச் சொல்லத் தெரியாது.

கேமரா, கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். சட்டைக்குள், உடம்பை ஒட்டிய பையில் வைத்து, தேவைப்படும்போது எடுங்கள். தெறிக்கும் நீரில் கரைந்த சிலிக்கா இருப்பதால் லென்ஸிலும் மூக்குக் கண்ணாடியிலும் பட்டுக் காய்ந்தால் கறை போகாது. பட்டவுடன் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

காலை உணவை வேனின் பக்கத்திலேயே மேசை போட்டுக் கொடுத்தார்கள். ரொட்டி, அவகாடோ, முட்டை, சீஸ், கேக். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. டீ மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. 86 டிகிரித் தண்ணீரில் டீத்தூள் சாறு சரியாக இறங்காது, நிறமும் வராது, மணமும் வராது. சான் பெத்ரோவில் தண்ணீர் 92 டிகிரி வரை சூடாகும், அங்கேயே இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போயிருந்தோம். அந்தக் குளிரில் அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நல்ல ஃபிளாஸ்க் ஒன்று எடுத்துப் போங்கள், கண்டிப்பாக.

ஒன்பது மணிக்குள் பெரும்பாலான வேன்கள் கிளம்பிவிட்டன. எங்கள் வழிகாட்டியிடம் முதலிலேயே பேசி வைத்திருந்ததால் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைத்தது. நீராவி மெலிந்ததும் அதுவரை மறைந்திருந்த நிறங்கள் வெளியே வந்தன. ஊற்றிலிருந்து வழிந்தோடும் நீரின் பாதையில் ஆரஞ்சு, பழுப்பு, பச்சை என்று வழவழப்பான படலங்கள். அவை நுண்ணுயிர்கள். வாய்க்கு அருகே சுடு நீரில் வாழ முடிந்தவை ஒரு நிறம், தள்ளிப் போய் ஆறிய நீரில் வாழ்பவை வேறு நிறம். கடும் புற ஊதாக் கதிர், இரவில் உறைபனி, பகலில் வெயில், உப்பும் ஆர்செனிக் என்ற நஞ்சும் கலந்த நீர், இத்தனையிலும் அவை வாழ்கின்றன. குனிந்து பார்த்தால் ஆழமில்லாத ஓடைகளில் விரல் விரலாக வளர்ந்த சின்னச் சின்ன சிலிக்கா முடிச்சுகள் தெரியும். செவ்வாய் கிரகத்தில் ஸ்பிரிட் ஊர்தி 2007-ல் கண்ட சிலிக்காப் படிவுகளும் இதே வடிவத்தில்தான் இருக்கின்றன என்று 2016-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இங்கே இந்த வடிவங்கள் உருவாவதில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு இருக்கிறது. அதனால் அங்கேயும் ஒரு காலத்தில் உயிர் இருந்திருக்குமோ என்ற கேள்வி எழுந்தது, இன்னும் முடிவு தெரியவில்லை. தயவுசெய்து அந்தப் படலங்களிலும் முடிச்சுகளிலும் கால் வைக்காதீர்கள். ஷூ தடம் ஒன்று பதிந்தால் மறைய நெடுங்காலம் ஆகும்.

ஓடை நீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கொஞ்சம் எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த நீரில் ஆர்செனிக் மிக அதிகம். இங்கிருந்து ஓடும் நீர் ரியோ சலாடோ வழியாக லோவா நதியில் சேர்கிறது. இந்த மலைப்பகுதியிலிருந்து இறங்கும் ஆற்று நீரைத்தான் 1958-லிருந்து கடற்கரை நகரமான அந்தோஃபகஸ்தாவுக்குக் குடிநீராகக் கொண்டுபோனார்கள். ஒரு லிட்டரில் சுமார் 860 மைக்ரோகிராம் ஆர்செனிக். இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 10. 1970-ல் சுத்திகரிப்பு நிலையம் வரும் வரை மக்கள் அதைக் குடித்தார்கள், அதன் விளைவாக நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அந்த ஊரை விடவில்லை. தெளிவாக இருக்கும் தண்ணீரைப் பார்த்ததும் அள்ளத் தோன்றும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மலையில் குடிக்கவும் கை கழுவவும் பாட்டில் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் குளிக்க ஒரு குளமும் உண்டு. சில காலம் திறந்திருக்கும், சில காலம் மூடியிருக்கும், நாங்கள் போனபோது மூடியிருந்தது. அதை நம்பி நீச்சல் உடை கட்டிக்கொண்டு போகாதீர்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளியின் ஒரு பக்கத்தில் துருப்பிடித்த இரும்புக் குழாய்களைப் பார்த்ததும் அப்பா பரபரப்பாகிவிட்டார். 1960-களின் கடைசியிலும் 70-களிலும் மின்சாரம் எடுக்க முடியுமா என்று துளையிட்டுப் பார்த்த கிணறுகளின் மிச்சம். "இவ்வளவு ஸ்டீம் சும்மா போகுதே" என்றார். முப்பது வருஷம் நிலக்கரி எரித்து நீராவி உண்டாக்கியவருக்கு அப்படித் தோன்றாமல் இருக்காது. ஆனால் 2009 செப்டம்பரில் இங்கே மறுபடி துளையிட்டபோது ஒரு கிணறு கட்டுப்பாட்டை மீறி, சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நீராவி வாரக்கணக்கில் பீறிட்டது. ஊற்றுகளின் கதி என்ன ஆகுமோ என்று பெரும் எதிர்ப்பு எழுந்து திட்டம் நின்றுபோனது. இப்போது இந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது பக்கத்து மலைக் கிராமங்களான கஸ்பானா, தொகோன்சே மக்கள்தான். நுழைவுச் சீட்டுப் பணம் அவர்களுக்குப் போகிறது. 2009-ல் நடந்ததை அப்பாவிடம் சொன்னபோது, "அழுத்தம் எங்கேயோ ஒரு பக்கம் குறைஞ்சா, இந்தச் சின்ன ஊற்று எல்லாம் நின்னுடும்தான்" என்று ஒப்புக்கொண்டார். நியூசிலாந்தில் நிலவெப்ப மின்சாரத்துக்காக நீரை எடுத்த இடங்களில் கெய்சர்கள் வற்றிப்போனதை நானும் படித்திருக்கிறேன். சிலியின் நிலவெப்ப மின் நிலையம் பிறகு வேறு இடத்தில் வந்தது. 2017-ல், இங்கிருந்து வடக்கே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், கெய்சர்கள் இல்லாத செர்ரோ பபெயோனில். அதுதான் தென் அமெரிக்காவின் முதல் பெரிய நிலவெப்ப மின் நிலையம். மின்சாரமும் வேண்டும், இந்த ஊற்றுகளும் வேண்டும் என்றால் அப்படி இடம் மாற்றிக்கொண்டதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது.

இறங்கும் வழியை அவசரமாக முடித்துவிடாதீர்கள். புதானா எரிமலையின் அடிவாரத்தில் சாலையை ஒட்டி ஒரு ஈரநிலம் இருக்கிறது. ஃபிளமிங்கோக்கள், பெரிய நாமக்கோழிகள், ஆண்டியக் கடற்காகங்கள். பாறை இடுக்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்த விஸ்காச்சாக்களை ஓட்டுநர் காட்டினார், முயல் உருவம், நீண்ட சுருட்டை வால். சரிவுகளில் பச்சைப் பாசிப் பாறை மாதிரி தெரிபவை யரெட்டா செடிகள். வருஷத்துக்கு மிகக் கொஞ்சமே வளர்பவை, அவற்றில் சில செடிகள் பல நூறு வருஷம் வயதானவை. அவற்றின் மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள், செய்யாதீர்கள். மச்சுகா என்ற குட்டிக் கிராமத்தில் எல்லா வேன்களும் நிற்கும். லாமா இறைச்சியைக் கம்பியில் குத்திச் சுட்டுத் தருவார்கள். இறைச்சி வேண்டாதவர்களுக்கு ஆட்டுப்பால் சீஸ் வைத்த எம்பனாடா என்ற சோமாசி மாதிரிப் பலகாரம் சுடச்சுடக் கிடைக்கும். சில்லறைக் காசு கையில் வைத்திருங்கள்.

எப்போது போகலாம் என்றால், நாங்கள் போனது ஆகஸ்டில். வானம் துல்லியமாக இருந்தது, குளிர்தான் கடுமை. குளிர் தாங்காதவர்களுக்கு அக்டோபர், நவம்பர் அல்லது ஏப்ரல் ஏற்றது. ஜனவரி, பிப்ரவரியில் இந்த மேட்டு நிலத்தில் மழைக்காலம். மற்ற இடமெல்லாம் வறண்டிருக்க, மேலே மழையும் பனியும் கொட்டுவதால் சாலையை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரு நாளாவது கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய்வந்த அன்றைக்கே விமானம் பிடிக்கிற மாதிரியும் திட்டமிடாதீர்கள். நாங்கள் ஒரு மணிக்குச் சான் பெத்ரோ திரும்பினோம். ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்த அப்பா மாலை ஆறு மணி வரை எழுந்திருக்கவில்லை.